ஆறு நொடிக் கடிகாரம்: பால்டர்ஸ் கேட்டில் சண்டை எப்படி நடக்கிறது

பால்டர்ஸ் கேட் என்ற கணினி விளையாட்டை விளையாடத் தொடங்கிய பலர் முதன்முதலில் செத்துப்போன இடம் ஃப்ரெண்ட்லி ஆர்ம் சத்திரத்தின் படிக்கட்டு. டார்னெஷ் என்ற மந்திரவாதி வந்து பேச்சுக் கொடுப்பான். பேச்சு முடிந்ததும் தன்னைச் சுற்றித் தன்னைப் போலவே சில போலி உருவங்களை நிறுத்திக்கொள்வான். அடுத்து வருவது ஹாரர், அதாவது பயமூட்டும் மந்திரம். முதல் லெவலில் இருக்கும் குழு சிதறி ஓட, ஓடுகிறவர்கள் முதுகில் மாய அம்பு பாயும். கை வேகம் போதவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப லோட் செய்பவர்கள் உண்டு. கை வேகத்துக்கு இங்கே வேலையே இல்லை. திரைக்குப் பின்னால் ஒரு கடிகாரமும் இருபது பக்கப் பகடையும் ஓடுகின்றன. அவற்றின் கணக்கு தெரிந்தவருக்கு டார்னெஷ் பெரிய ஆள் இல்லை.

கனடாவின் எட்மன்டன் நகரத்து பயோவேர் நிறுவனம் 1998 டிசம்பரில் வெளியிட்ட இந்த விளையாட்டு, டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை விளையாட்டின் இரண்டாம் பதிப்பு விதிகளைக் கணினிக்குக் கொண்டுவந்தது. மேசையில் ஆட்டக்காரர்கள் மாறி மாறிப் பகடை உருட்டுவார்கள்; அங்கே ஒரு சுற்று என்பது கதைக்குள் ஒரு நிமிடம். பயோவேர் அந்தச் சுற்றை 6 நொடியாகச் சுருக்கி, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனிக் கடிகாரமாகக் கொடுத்தது. உங்கள் குழுவில் ஆறு பேர், எதிரே எட்டு கோபோல்டு (குட்டி அரக்கர்கள்) என்றால் பதினான்கு கடிகாரங்கள் ஒரே நேரத்தில் ஓடும். அதனால்தான் சண்டை இடைவிடாமல் நடப்பதுபோலத் தெரிகிறது. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் எல்லாக் கடிகாரமும் நிற்கும். நிறுத்தியபடியே ஆறு பேருக்கும் கட்டளை கொடுத்துவிட்டு மறுபடி ஓடவிடலாம்.

ஒரு சுற்றில் ஒருவர் ஒரு மந்திரம்தான் போட முடியும். எவ்வளவு நேரம் உச்சரிக்க வேண்டும் என்பது மந்திரத்துக்கு மந்திரம் மாறும். சுற்றைப் பத்துப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு 0.6 நொடி. மாய அம்புக்கு ஒரு பங்கு, ஹாரருக்கு இரண்டு, தீப்பந்துக்கு மூன்று. ஆக, தீப்பந்து போடுகிறவன் 1.8 நொடி கையைத் தூக்கியபடி நிற்கிறான். அந்த இடைவெளிக்குள் அவன்மீது ஒரே ஒரு ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) சேதம் விழுந்தால் போதும், மந்திரம் கலைந்துவிடும். கலைந்தது மட்டுமல்ல, மனப்பாடத்திலிருந்தும் அழிந்துவிடும். தூங்கி எழுந்தால்தான் திரும்பக் கிடைக்கும். எதிரி கையைத் தூக்கிய கணத்தில் உங்கள் மந்திரவாதி மாய அம்பைத் தொடங்கினால் 0.6 நொடியில் அது கிளம்பிவிடும். பகடையில் தவறவும் வாய்ப்பில்லை. பெரிய தீப்பந்தைச் சின்ன மாய அம்பு முறியடிப்பது இப்படித்தான்.

டார்னெஷிடம் இந்த வித்தை உடனே பலிக்காததற்குக் காரணம் அந்தப் போலி உருவங்கள். அடி போலியின் மேல் விழுந்தால் போலி மறையும், அவன் உச்சரிப்பு கலையாது. எனவே முதலில் தேவை அடியின் எண்ணிக்கை, பலம் அல்ல. வாள் வைத்திருக்கும் முதல் லெவல் வீரன் பொதுவாகச் சுற்றுக்கு ஒருமுறைதான் வீசுவான். வில்லிலிருந்து சுற்றுக்கு இரண்டு அம்பு போகும். பேச்சு முடிந்த அந்த நொடியிலேயே ஸ்பேஸ் பாரைத் தட்டி, எல்லோர் கையிலும் வில்லோ கவணோ இருக்கிறதா பார்த்து, அத்தனை பேரையும் அவன்மேல் ஏவுங்கள். ஹாரர் ஒரு வட்டத்துக்குள் நிற்பவர்களைத்தான் பிடிக்கும், அதனால் குழுவை விலக்கி நிறுத்துங்கள். சத்திரத்துக் காவலர்கள் பக்கத்தில் இருந்தால் அவர்களும் உங்களுக்காகக் கை ஓங்குவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி பகடை. இரண்டாம் பதிப்பில் கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். வெறும் உடம்புக்கு 10, தோல் கவசத்துக்கு 8, சங்கிலிக் கவசத்துக்கு 5, முழுத் தகட்டுக் கவசத்துக்கு 1. கேடயம் இன்னும் ஒன்று குறைக்கும். தாக்குகிறவருக்கு தாக்கோ என்றொரு எண் இருக்கிறது: கவச எண் 0 உள்ள எதிரியை அடிக்கப் பகடையில் விழவேண்டிய குறைந்தபட்ச எண் அது. முதல் லெவலில் எல்லோருக்கும் 20. பிறகு வீரனுக்கு லெவலுக்கு ஒன்று குறையும், திருடனுக்கு இரண்டு லெவலுக்கு ஒன்று, மந்திரவாதிக்கு மூன்று லெவலுக்கு ஒன்று. தாக்கோவிலிருந்து எதிரியின் கவச எண்ணைக் கழித்தால் வருவதுதான் உங்களுக்கு விழவேண்டிய எண்.

தாக்கோ 20 உள்ள எதிரி, கவச எண் 10 உள்ளவரை அடிக்க 10 அல்லது அதற்கு மேல் விழவேண்டும்: 55 சதவீத வாய்ப்பு. கவச எண்ணை 9 ஆக்கினால் 50 சதவீதம். பெரிய லாபமில்லை. ஆனால் கவச எண் 1 உள்ளவரை அடிக்க 19 வேண்டும், அது 10 சதவீதம். 0 ஆனால் 20 வேண்டும், 5 சதவீதம். அதே ஒரு புள்ளி இங்கே வாங்கும் அடியைச் சரிபாதியாக்குகிறது. ஆகவே நல்ல கவசங்களை ஆளுக்கொன்றாகப் பங்கு போடுவது பிழையான சிக்கனம். முன்னால் நிற்கும் ஒருவருக்கு எல்லாவற்றையும் மாட்டி 0 வரை இறக்குங்கள். அதற்கும் கீழே போனால் இதே எதிரியிடம் பலன் இல்லை, ஏனென்றால் 20 விழுந்தால் எப்போதும் அடிதான். தாக்கோ குறைந்த எதிரிகளிடம் மட்டும் அந்தக் கூடுதல் உதவும். சுறுசுறுப்பு 18 உள்ளவருக்குக் கவச எண் தானாகவே 4 குறைவதால், அவருக்குச் சங்கிலிக் கவசமும் கேடயமும் கொடுத்தாலே கணக்கு 0.

விதிகளைக் கதைக்குள் புகுத்திய விதத்தில்தான் இந்த விளையாட்டின் சாமர்த்தியம் தெரிகிறது. ஃபேரூன் கண்டத்தின் மேற்குக் கரையான சோர்ட் கோஸ்டில் இரும்புத் தட்டுப்பாடு. நாஷ்கெல் சுரங்கத்தில் கோபோல்டுகள் தாதுவின்மேல் ஒரு திரவத்தை ஊற்றிக் கெடுக்கின்றன. அந்த இரும்பில் அடித்த ஆயுதம் உடையும். இதை யாரோ சொல்லிக் கேட்பதோடு விடமாட்டார்கள். மந்திரமேறாத சாதாரண இரும்பு வாள் சண்டைக்கு நடுவில் உங்கள் கையிலேயே முறியும். பிறகு வெறுங்கை முட்டிதான், சேதம் 1 அல்லது 2. எனவே முன்வரிசையில் நிற்பவரின் ஆயுதப் பெட்டியில் மாற்று ஆயுதம் ஒன்று இருக்கட்டும். ஆயுதம் பயனற்றுப்போனால் தானாக நிறுத்தும் வசதி ஆப்ஷன்ஸ் பக்கத்தில் இருக்கிறது; அதை இயக்கி வையுங்கள். மந்திர ஆயுதம் உடையாது என்பதால், முதல் பிளஸ் ஒன் வாள், அதாவது ஒரு புள்ளி மந்திர பலம் ஏறிய வாள், தரும் நிம்மதி அதன் எண்ணைவிடப் பெரிது. அதற்கான காசை வழிப்பறிக் கொள்ளையரிடமே வசூலிக்கலாம்: பெரெகோஸ்ட் ஊரின் ஜோவியல் ஜக்லர் விடுதியில் இருக்கும் அதிகாரி வாய், கொள்ளையன் தலைத்தோல் ஒன்றுக்கு 50 பொற்காசு கொடுப்பார். அதே ஊரின் தண்டர்ஹாமர் பட்டறையில் ஆங்கெக் என்ற ராட்சதப் பூச்சியின் ஓட்டையும் 4000 காசையும் கொடுத்தால் 10 நாளில் கவச எண் 1 உள்ள கவசம் கிடைக்கும். விளையாட்டின் ஒரு நாள் நம் கணக்கில் இரண்டு மணி நேரம் என்பதால், பட்டறை வாசலில் சும்மா நின்றால் 20 மணி நேரம் ஆகிவிடும். தூங்கியும் ஊர் சுற்றியும் நாளைக் கழித்துவிட்டு வாருங்கள்.

சுரங்கத்துக்குள் இன்னொரு தொல்லை. திரையில் தெரிவது ஒரே பெரிய ஓவியம். எங்கே நடக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது அதன் அடியில் மறைந்திருக்கும் கட்டம். ஒரு கட்டம் 16 பிக்சல் அகலம், 12 பிக்சல் உயரம். சாய்ந்த கோணத்தில் பார்ப்பதால் காலடியில் தெரியும் வட்டமும் அப்படியே நசுங்கி இருக்கும். குறுகிய பாதையில் முன்னால் போகிறவர் நின்றுவிட்டால், பின்னால் வருபவருக்கு வழி அடைபட்டதாகக் கணினி முடிவுசெய்து சுற்றுவழி தேடும். டவுன் பஸ் படிக்கட்டு நெரிசல்தான். ஆனால் இங்கே வழி கிடைக்காதவர், பின்னால் இருப்பது மந்திரவாதியே ஆனாலும், தனியாகச் சுற்றிப்போய் கோபோல்டுக் கூட்டத்தின் நடுவில் நிற்பார். ஒற்றை வரிசை அணிவகுப்பைத் தேர்ந்தெடுத்து, இரண்டிரண்டு பேராகக் கொஞ்சம் கொஞ்சம் தூரம் நகர்த்தினால் இது பெரும்பாலும் நடக்காது.

எதிரிகளின் மூளை சின்ன நிரல்களால் ஆனது: இந்த நிபந்தனை உண்மையானால் இதைச் செய் என்று மேலிருந்து கீழாக அடுக்கிய பத்திகள். பல பத்திகளின் முதல் நிபந்தனை, கண்ணுக்கு எதிரி தெரிகிறதா என்பதுதான். அதனால் பார்வை எல்லைக்கு வெளியே இருந்து, திரையில் இருண்டு மறைந்திருக்கும் மூட்டத்துக்குள் தீப்பந்து வீசினால், சில கூட்டங்கள் வெந்துகொண்டே நிற்கும். இதை ஏமாற்று என்பார் சிலர், தந்திரம் என்பார் சிலர். தீப்பந்து நம் ஆளையும் சேர்த்தே எரிக்கும் என்பதால் தூரத்தில் வீசுவது எப்படியும் நல்லது. ஒரே அடியில் ஹிட் பாயின்ட் பூஜ்யத்துக்கு மிகக் கீழே போன தோழர் துண்டு துண்டாகச் சிதறிப்போவார். அவரை எந்தக் கோயில் பூசாரியாலும் எழுப்ப முடியாது.

ஆறு பேர் வேண்டுமா என்பது தனி விவாதம். கொன்ற எதிரிக்கான அனுபவப் புள்ளி உயிரோடு இருப்பவர்களுக்குள் பங்காகும். பெரிய பசிலிஸ்க் என்ற பல்லி போன்ற அரக்கன் ஒன்றுக்கு 7000. ஆறு பேருக்கென்றால் தலைக்கு 1166தான் வரும். ஆள் குறைந்தால் லெவல் வேகமாக ஏறும், ஆனால் அம்பு எண்ணிக்கை குறையும். மேலும் குழுவில் சேரும் தோழர்கள் பலர் ஜோடியாகத்தான் வருவார்கள்: காலிட்டை அனுப்பினால் ஜஹீராவும் போய்விடுவார், மின்ஸ்கும் டைனஹீரும் அப்படியே. முதல் வெளியீட்டில் ஒருவருக்கு 89,000 புள்ளிதான் உச்சவரம்பு. மந்திரவாதியின் எட்டாம் லெவலுக்கு வேண்டியது 90,000. அந்த 1000 புள்ளிக்காக 1999-இல் வந்த டேல்ஸ் ஆஃப் த சோர்ட் கோஸ்ட் விரிவாக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதில் வரம்பு 161,000 ஆனது.