ஏரியில் வலை அடைத்து மீன் வளர்க்க மானியம்: சென்னைக்காரர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

மானியம் என்றதும் முதலில் வரும் கேள்வி ‘எவ்வளவு?’ என்பதுதான். சரி, அதையே முதலில் சொல்லிவிடலாம். 2020-ல் தொடங்கி 2025-26 வரை நீட்டிக்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பத யோஜனா என்ற மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தில், வலை அடைப்பு போட எக்டேருக்கு 3 லட்சம் ரூபாய் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பொதுப் பிரிவினருக்கு அதில் 40 சதவீதம், அதாவது 1.2 லட்சம். பெண்களுக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம், 1.8 லட்சம். உங்கள் செலவு 5 லட்சம் ஆனாலும் மானியம் இந்த 3 லட்சத்துக்குத்தான். அதுவும் பெரும்பாலும் நீங்கள் செலவு செய்து, அதிகாரிகள் நேரில் பார்த்துப் போன பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். கைப்பணமோ கடனோ முதலில் வேண்டும். தீவனம், குஞ்சு மாதிரி நடைமுறைச் செலவுக்கு மீன் வளர்ப்போருக்கும் கிசான் கிரெடிட் கார்டு உண்டு.

அடைப்பு வேறு, கூண்டு வேறு. கூண்டுக்கு அடியிலும் வலை இருக்கும், தண்ணீரில் மிதக்கும், ஆழமான நீர்த்தேக்கத்துக்குத் தோது. அடைப்பில் சுற்றிலும் கம்பு நட்டு வலை கட்டுவதோடு சரி, ஏரித் தரையே அடிப்பாகம். அதனால் வலையின் கீழ் விளிம்பைச் சேற்றுக்குள் நன்றாகப் புதைக்க வேண்டும். ஓரிடத்தில் தூக்கிக்கொண்டாலும் போதும், அடியில் மேயும் மிர்கால் கெண்டை மீன் அந்த வழியாகவே நழுவிவிடும். வலைக்கண்ணில் பாசி அடைத்தால் தண்ணீர் ஓட்டம் நின்றுபோகும். அப்புறம் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஆக்சிஜன் போதவில்லை என்று அர்த்தம்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர்தான். ஏரிக்கரையில் வீடோ நிலமோ இருப்பதால் ஏரிக்குள் உரிமை வந்துவிடாது. பெரிய ஏரிகள் நீர்வளத் துறையிடம், சின்னவை உள்ளாட்சிகளிடம் இருக்கின்றன. மீன்பிடி உரிமை குத்தகையிலோ மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடமோ இருக்கலாம். புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் நான்கும் ஊருக்கே குடிநீர் தருபவை. அங்கே தீவனத்தைக் கொட்டி மீன் வளர்க்க அனுமதி கிடைக்கும் என்று நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

அனுமதியே கிடைத்தாலும் நம் ஏரிகளின் நீர்மட்டம் ஒரே சீராக நிற்பதில்லை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். 2019 கோடையில் அதே ஏரி வறண்டு கிடந்தது. வெள்ளம் வந்தால் வலையைத் தாண்டி மீன் போய்விடும், வறட்சி வந்தால் அரைகுறை எடையிலேயே பிடித்து விற்க வேண்டியதுதான்.

‘தனியார் தொழிலுக்கு இத்தனை கெடுபிடி எதற்கு?’ என்று கேட்பவர்கள் பிலிப்பைன்ஸின் லகுனா டி பே ஏரியைப் பார்க்கலாம். சுமார் 90,000 எக்டேர் ஏரி அது. 1970-களின் தொடக்கத்தில் பால் கெண்டை வளர்க்க அடைப்புகள் வந்தன. லாபம் கண்டவர்கள் போட்டி போட்டு வளைக்க, 1983-ல் 30,000 எக்டேருக்கு மேல் வலைக்குள் போய்விட்டது. தீனிக்கு ஏரியின் நுண்பாசியையே நம்பியிருந்த மீன்கள், கூட்டம் பெருகியதும் வளர முன்பைவிடப் பல மாதம் கூடுதலாக எடுத்துக்கொண்டன. வலைவீசிப் பிழைத்த மீனவர்களுக்கோ படகு போக வழியில்லை. மோதல் வந்தது. இன்ன இடத்தில், இவ்வளவு பரப்புக்குத்தான் அடைப்பு என்று எல்லை வகுக்க வேண்டியதாயிற்று. ஏரியில் யாருக்கு முதல் உரிமை என்பதை முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளாததன் விலை அது என்பேன்.

மீன் வகையில் கட்லா, ரோகு, மிர்கால் பிரச்சினை இல்லாதவை. ஆப்பிரிக்கக் கெளுத்தி வேகமாக வளரும் என்று யாராவது ஆசை காட்டினால் ஒதுங்கிவிடுங்கள். அதற்குத் தடை இருக்கிறது. முட்டுக்காடு, பழவேற்காடு மாதிரி உவர்நீர்ப் பகுதி என்றால் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் சட்டமும் குறுக்கே வரும். பழவேற்காடு பறவைகள் சரணாலயமும்கூட.

விண்ணப்பத்தை மாவட்ட மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். படிவம் வாங்குவதற்கு முன் அங்கே மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த ஆண்டு நம் மாவட்டத்துக்கு அடைப்பு ஒதுக்கீடு இருக்கிறதா, நான் சொல்லும் ஏரியின் மீன்பிடி உரிமை இப்போது யாரிடம், அந்தக் குத்தகை எப்போது முடிகிறது?