ரிவர்ஸ் போட்டால் 'டக்'

ரிவர்ஸ் போட்டதும் அடியில் 'டக்'கென்று ஒரு சத்தம். கியர்பாக்ஸுக்குத்தான் செலவு வந்துவிட்டது என்று பயந்துகொண்டே பெங்களூரு ஜே.சி. ரோட்டுப் பக்கம் ஒரு பட்டறைக்கு வண்டியை ஓட்டிப் போனேன். கோலார் தங்கவயல்காரர் ஒருவர் அடியில் படுத்து, ஷாஃப்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருப்பினார். "கியர்பாக்ஸ் நல்லா இருக்கு சார். யூஜே கிராஸ் வறண்டு போச்சு." யூஜே என்றால் யுனிவர்சல் ஜாயின்ட், ஷாஃப்டை வளைய விடும் மூட்டு. அதன் நடுவில் இருக்கும் கூட்டல் குறி வடிவ இரும்புதான் கிராஸ்.

பெரிய எஸ்யூவியில் கியர்பாக்ஸ் சேஸிஸோடு நிற்கும். பின் ஆக்சிலோ நம்மூர் ஹம்ப் ஒவ்வொன்றுக்கும் எழுந்து இறங்கும். நடுவில் சுழற்சியைக் கடத்தும் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே வளையவும் வேண்டும், நீளவும் வேண்டும். வளைய இரு முனையிலும் யூஜே, நீள ஒன்றுக்குள் ஒன்று நழுவும் பல் வரிசையான ஸ்ப்ளைன்.

யூஜேவுக்கு ஒரு கோணல் புத்தி உண்டு. 10 டிகிரி வளைவில் ஒரு பக்கம் நிமிடத்துக்கு 1000 சுற்று சீராகச் சுற்றினாலும், மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை 985-க்கும் 1015-க்கும் இடையே ஊசலாடும். அந்தத் தள்ளாட்டத்தை அடுத்த முனையின் யூஜே சரிக்கட்டிவிடும். அதற்கு இரண்டு வளைவும் சமமாக இருக்க வேண்டும், ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கும் ஒரே வாக்கில் நிற்க வேண்டும். ஸ்ப்ளைனைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினாலே கணக்கு கெட்டுவிடும். முன்பு வேறொரு பட்டறையில் அப்படித்தான் மாட்டிக் கொடுத்தார்கள். வண்டி அதிர்வது டயரால்தான் என்று நினைத்து நான் இரண்டு மாதம் டயர் பேலன்ஸிங்கில் காசைக் கரைத்தேன்.

கிராஸின் நான்கு முனைக் கப்புகளுக்குள்ளும் ஊசி பேரிங். அது முழுதாக உருளாது, சில டிகிரிக்குள் முன்னும் பின்னும் ஆடும். அதே இடத்தில் ஆடி ஆடி கிரீஸ் ஒதுங்கிவிட, இரும்பில் குழி விழும். கப் ஓரத்தில் துரு நிறப் பொடி தெரிந்தால் உள்ளே ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். மழையில் தேங்கிய தண்ணீரில் இறக்கி ஓட்டினால் உடனே கிரீஸ் அடிப்பது நல்லது.

நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் முனை) உள்ள கிராஸுக்கு நான்கு கப்பிலும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடிக்கலாம். ஸ்ப்ளைனுக்கு இரண்டு மூன்று அழுத்தம் போதும். திணித்தால் ஷாஃப்ட் சுருங்க இடமில்லாமல் கியர்பாக்ஸை முட்டும்.

என் வண்டியில் மூன்று கப்பில் கிரீஸ் வந்தது, நான்காவதில் வரவில்லை. "மாத்திடலாம் சார்," என்றவர், ஸ்பேனரை எடுக்கும் முன் மஞ்சள் பெயின்ட்டால் மூட்டுக்கு மூட்டு ஒரு கோடு இழுத்தார்.