போர்ட் எரியவில்லை, கொஞ்சம் பொறுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தகப்பனும் மகனும் ஹட்டனில் இருக்கும் என் கடைக்கு வந்தார்கள். மகன் கையில் பழைய போர்வையில் சுற்றிய கம்பியூட்டர் கேசிங், தகப்பன் கையில் இரண்டு மதர்போர்ட் (எல்லாப் பாகங்களையும் மாட்டும் பெரிய தகடு) பெட்டிகள். "மொத போர்ட் எரிஞ்சிருச்சு சேர். கொழும்புல இருந்து இன்னொன்னு எடுத்துப் போட்டோம், அதுவும் எரிஞ்சிருச்சு" என்றார். இரண்டாவது போர்டுக்குச் சீட்டுக் காசு போயிருக்கிறது.

பக்கத் தகட்டைக் கழற்றினேன். போர்டின் மேல் இடது மூலையில், கம்பியூட்டரின் மூளையான சிபியூவுக்குக் கரண்ட் போகும் எட்டுப் பின் சொக்கெட் வெறுமையாக இருந்தது. அதற்குரிய கேபிள் பின்பக்கத்தில், வாங்கியபோது கட்டிய கட்டோடு அப்படியே கிடந்தது. செருகினேன், படம் வந்தது. "எரிந்த" முதல் போர்டையும் மாட்டிப் பார்த்தோம். அதிலும் வந்தது. இப்போது ஒரு போர்ட் மிச்சம், வாங்கிய கடை இனி அதைத் திருப்பி எடுக்காது.

"ஃபேன் சுத்துது, லைட் எரியுது, படம் மட்டும் வரல. அப்ப போர்ட் போச்சுதானே?" வாரத்துக்கு ஒருவராவது இதைக் கேட்கிறார். இல்லை, ஐயா, இல்லை! ஃபேன் சுற்ற 12 வோல்ட் போதும், அது போர்டுக்குப் போகும் பெரிய 24 பின் கேபிளிலேயே வந்துவிடும். சிபியூவுக்குக் கரண்டே போகாவிட்டாலும் ஃபேன் சுற்றும், ரேம் (தற்காலிக நினைவகத் தகடு) பாதிதான் உட்கார்ந்திருந்தாலும் சுற்றும். அதை வைத்து போர்ட் செத்ததா பிழைத்ததா என்று சொல்லவே முடியாது. என் மேசைக்கு வருகிறவற்றில் உண்மையாகவே போர்ட் போனது கொஞ்சம்தான்.

மொனிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். திரைக்குப் படம் அனுப்பும் தனி கிராபிக்ஸ் கார்ட் இருந்தால் கேபிள் அந்தக் கார்டில்தான் இருக்க வேண்டும். மொடல் பெயர் எஃப் என்று முடியும் இன்டெல் சிபியூவுக்குள் கிராபிக்ஸே கிடையாது, போர்டில் செருகிவிட்டு விடியும்வரை காத்திருந்தாலும் திரை கறுப்புத்தான். அப்புறம் ரேம். ஒரே ஒரு ரேம் என்றால், நாலு ஸ்லொட் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் சிபியூவிலிருந்து இரண்டாவது ஸ்லொட். 'டிக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். நம் ஊர் ஈரத்தில் சில மாதம் சும்மா கிடந்த கம்பியூட்டர் என்றால், ரேமின் தங்க நிற விளிம்பைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுப் போடுங்கள். பாதிப் பேருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும்.

டிடிஆர்5 என்ற புது வகை ரேம் போட்டவர்களுக்குத் தனியாக ஒரு கெஞ்சல். முதல் தடவை கம்பியூட்டரை ஓன் பண்ணும்போது போர்ட் ரேமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும், அதுவரை திரை இருட்டாக இருக்கும். பதறிப்போய் ஓஃப் பண்ணினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

இனி நான் ஏசுகிற பகுதி. கேசிங்குக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டியான பவர் சப்ளையைத் திறக்காதீர்கள், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கரண்ட் தேங்கி நிற்கும். வேறொரு பவர் சப்ளையின் கேபிளை எடுத்து மாட்டாதீர்கள். வாய் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வயர் மாறியிருக்கும், அப்படி மாட்டினால் போர்ட் உண்மையிலேயே எரியும். கிராபிக்ஸ் கார்டுக்கான எட்டுப் பின் கேபிளைச் சிபியூ சொக்கெட்டில் பலவந்தமாகத் திணித்தாலும் அதே கதிதான். கேசிங்கைத் தொட்டால் சுளீர் என்கிறதா? எர்த் இல்லை, வயரிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சைத் தட்டினால் மட்டும் போதாது. பிளக்கையும் நெட் கேபிளையும் கழற்றி வையுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் வரவில்லையா? சரி, கொண்டு வாருங்கள். மொனிட்டர் வேண்டாம், என்னிடம் இருக்கிறது. பஸ்ஸில் வருகிறீர்கள் என்றால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். நோர்வூட் ரோட்டு வளைவுகளில் அது ஆடுகிற ஆட்டத்துக்கு ஸ்லொட் தாங்காது.