பிராகாரம் – திருச்சுற்று

கோயிலில் மதிலுக்கும் சன்னதிக்கும் இடையே நாம் வலம் வரும் வழியைப் பிரகாரம் என்கிறோம். வடமொழியில் இது பிராகாரம். இரண்டாம் எழுத்து நெடில். குறிலாக எழுதினால் அது வேறு சொல். ‘தாங்கள் சொன்ன பிரகாரம்’ என்று பழைய கடிதங்களில் வருமே, அது. ‘படி’, ‘விதம்’ என்று பொருள். தமிழர் வாயில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அகராதிக்காரர்களைத் தவிர யாருக்கும் அதனால் நட்டமில்லை.

பிராகாரம் என்றால் முதலில் மதில்தான். மதிலின் பெயர் அதையொட்டி நடக்கும் வழிக்கும் ஏறிவிட்டது. பழைய பொருளைத் திருவானைக்காவில் பார்க்கலாம். அங்கே மதில் எழுப்பிய ஆட்களுக்கு ஈசனே சித்தராக வந்து திருநீற்றைக் கூலியாகக் கொடுத்தார், அது அவரவர் உழைப்புக்கேற்பப் பொன்னானது என்கிறது தலபுராணம். அந்த மதிலைத் திருநீற்றான் திருமதில் என்பார்கள். விபூதிப் பிராகாரம் என்றாலும் அதுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? திருச்சுற்று. யாரும் உட்கார்ந்து புதிதாக ஆக்கிய சொல் அல்ல இது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் சொல்லி, சேனாபதி கிருஷ்ணன் இராமன் கட்டிய சுற்று மண்டபத்தை அங்குள்ள கல்வெட்டே ‘திருச்சுற்று மாளிகை’ என்கிறது. ஆயிரம் ஆண்டுப் பழசு. சித்திரை வெயிலில் முற்றத்தில் கால் வைக்க முடியாதவர்கள் இன்றைக்கும் அந்த மாளிகையின் நிழலுக்குத்தான் ஓடுகிறார்கள்.

திருவரங்கத்தில் ஏழு சுற்றுகள். இராசமகேந்திரன் திருச்சுற்று, குலசேகரன் திருச்சுற்று, ஆலிநாடன் திருச்சுற்று என்று ஆள்பெயரே வைத்திருக்கிறார்கள். ஆலிநாடன் வேறு யாருமல்ல, திருமங்கையாழ்வார். வெளியே வரவரச் சுற்று தெருவாகிவிடும்: உத்திர வீதி, சித்திரை வீதி. அங்கே குடியிருப்பவர் கறிகாய் வாங்கப் போனாலும் பாதி வலம் வந்த கணக்குதான்!

உட்பிராகாரத்தை உட்சுற்று என்றும், வெளிப்பிராகாரத்தை வெளிச்சுற்று என்றும் தாராளமாக எழுதலாம். ஒரு சிக்கல் உண்டு. ‘மூன்று சுற்று’ என்றால் மூன்று மதில்களா, மூன்று முறை வலமா? பிரதட்சிணத்தையும் நாம் சுற்று என்றுதானே சொல்கிறோம். அதனால் இடத்தைச் சொல்லும்போது ‘திரு’வை விடாமல் எழுதுவது நல்லது. நவக்கிரகத்துக்கு ஒன்பது சுற்று, அரங்கன் கோயிலுக்கு ஏழு திருச்சுற்று.