திகைப்பூண்டும் சேவல் சத்தமும்

போடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய தாய்மாமா கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், பூப்பாறை அருகே ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறார். போன ஆடியில் சாரலும் மேகமுமாக இருந்த ஒரு சாயங்காலம் விறகு பொறுக்கச் சோலைக்குள் போனவர் திரும்பவில்லை. விடியற்காலையில் லயத்துச் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) சேவல் கூவிய சத்தத்தைப் பிடித்துக்கொண்டு தானாகவே வந்து சேர்ந்தார். இரவெல்லாம் அவர் சுற்றிய இடம் லயத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். "நான் நேராத்தான் நடந்தேன்" என்கிறாராம். திகைப்பூண்டை மிதித்துவிட்டார் என்று ஊரே சொல்கிறது, அப்படி ஒரு செடி நிஜமாகவே உண்டா என்பது கேள்வி.

இல்லை. செருப்புக் காலால் மிதித்ததும் மூளையைக் கலக்கித் திசை மறக்கச் செய்யும் செடி எதுவும் கிடையாது. ஆனால் மாமா சொல்வதில் பொய்யில்லை. திகைப்பூண்டுக் கதையைக் கட்டியவர்களும் ஒன்றைச் சரியாகக் கவனித்திருக்கிறார்கள்: காட்டில் வழி தவறியவன் தொலைதூரம் போவதில்லை, சுற்றிச் சுற்றி வருகிறான்.

யான் சௌமன் என்ற ஆய்வாளரும் குழுவினரும் இதைச் சோதித்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். அப்போது அவர் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில், மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இருந்தார். பீன்வால்ட் என்ற சமவெளிக் காட்டில் ஆட்களை விட்டு, "நேராக நடந்துகொண்டே இருங்கள்" என்று சொல்லி, ஜிபிஎஸ் கருவியால் தடத்தைப் பதிவு செய்தார்கள். வெயில் தெரிந்த நாளில் நடந்தவர்கள் ஏறக்குறைய நேர்கோட்டில் போனார்கள். மேகமூட்டத்தில் நடந்தவர்கள் எல்லோரும் வட்டமடித்தார்கள். தங்கள் தடத்தையே குறுக்காகக் கடந்தவர்களுக்குக் கூட அது தெரியவில்லை. சகாராவில் நிலா வெளிச்சத்தில் நடந்த ஒருவர், நிலா மறைந்த பிறகு வந்த திசைக்கே திரும்பிவிட்டார். கண்ணைக் கட்டிவிட்டால் இன்னும் மோசம்: வட்டத்தின் விட்டம் பல நேரம் 20 மீட்டருக்கும் குறைவு.

ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை, அதனால்தான் சுற்றுகிறோம் என்று பள்ளியில் கேட்டிருப்பீர்கள். அப்படியிருந்தால் ஒருவர் எப்போதும் ஒரே பக்கம்தான் வளைய வேண்டும். பெரும்பாலானவர்கள் அப்படி வளையவில்லை, ஒரு நேரம் வலம், ஒரு நேரம் இடம்.

அப்படியானால் எது? இங்கேதான் எனக்கு ஆசையான பகுதி வருகிறது. ஒரே அளவில் நூறு குச்சி வெட்ட வேண்டும் என்று வையுங்கள். முதல் குச்சியை வைத்தே நூறையும் அளந்தால் பிழை சிறிதாகவே நிற்கும். முதலாவதை வைத்து இரண்டாவது, இரண்டாவதை வைத்து மூன்றாவது என்று போனால்? ஒவ்வொரு வெட்டிலும் நூலளவு தப்பும், அந்தத் தப்பே அடுத்ததற்கு அளவாகிவிடும். கண்ணுக்கு அடையாளம் இல்லாத இடத்தில் நம் மூளை இரண்டாவது வகையில்தான் நடக்கிறது. போன அடியின் திசைதான் இந்த அடிக்கு 'நேர்'. அடிக்கு ஒரே ஒரு பாகை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் 360 அடி எடுத்து வைப்பதற்குள் முழு வட்டம். எடுத்து வைக்கும் ஓர் அடி 70 சென்டிமீட்டர் என்றால் சுற்றளவு 252 மீட்டர், விட்டம் சுமார் 80 மீட்டர். ஒரு சின்னத் தோப்புக்குள் அடங்கிவிடும்.

திரும்புவதை உள்காது சொல்லாதா? சொல்லும், கொஞ்ச நேரத்துக்கு. ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்து நடுவில் ஒரு துளசி இலையை மிதக்க விடுங்கள். சொம்பைச் சட்டென்று திருப்புங்கள். சொம்பு திரும்பும், இலை அப்படியே நிற்கும். இப்போது விடாமல் ஒரே சீராகச் சுற்றுங்கள். மெல்ல மெல்லத் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும், இலையும் சொம்பும் ஒன்றாகப் போகும். நம் காதுக்குள் இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்களிலும் இதே கதைதான். தலை திரும்பும்போது உள்ளேயிருக்கும் திரவம் பின்தங்கி, ஒரு மெல்லிய கூழ்த்திரையை வளைக்கும். அந்த வளைவுதான் 'திரும்புகிறாய்' என்ற செய்தி. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் அரை நிமிடத்துக்குள் திரவமும் கூடவே ஓடத் தொடங்கும், திரை நிமிர்ந்துவிடும், செய்தி நின்றுபோகும். மூளைக்கு நேர்கோடு, காலுக்கு வட்டம். எத்தனை முறை செய்து பார்த்தாலும் அந்த இலை எனக்கு அலுக்கவில்லை.

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் ஏறும் வழியில் ஒருமுறை மேகம் இறங்கியது. நாற்பது நிமிடம் ஏறுகிறோம் என்று நினைத்து நடந்தேன். பாறை மேல் ஒரு ஆரஞ்சுத் தோல் கிடந்தது. சுருளாக, அறுபடாமல், நான் உரிக்கும் விதத்திலேயே உரித்த தோல். என்னுடையதுதான். அப்போது முதுகில் ஓடிய சில்லிப்பு இன்னும் நினைவிருக்கிறது. பேய் என்று அந்த நிமிடம் யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன், அதனால் நம்புகிறவர்களைப் பழிக்க எனக்கு மனம் வராது.

மலையில் பார்த்ததாகச் சொல்லும் உருவங்களிலும் சிலவற்றுக்கு விளக்கம் உண்டு. கொழுக்குமலையில் காலை வெயில் முதுகில் அடிக்க, எதிர்ப் பள்ளத்தில் மேகம் நின்றால், அதில் ஒரு பெரிய உருவம் நிற்கும், தலையைச் சுற்றி வானவில் வளையத்தோடு. அது உங்கள் நிழல். பக்கத்தில் நிற்பவர் அந்த வளையத்தைத் தன் நிழலின் தலையில்தான் பார்ப்பார்.

ஒன்றை மட்டும் கோபமாகவே சொல்கிறேன். காணாமல் போனவரைத் தேட வேண்டிய முதல் மணி நேரங்களில் குறி கேட்கப் போகிறார்கள். அந்த நேரம் திரும்பக் கிடைக்காது. சௌமனின் காட்டுச் சோதனைக்கு வேண்டியது ஒரு ஜிபிஎஸ் கருவி, ஒரு காடு, நடக்க ஆள். நம் சோலைகளில், சரிவில், ஆடி மேகத்தில் நம் ஆட்கள் எப்படி வளைகிறார்கள் என்று பார்க்க ஒரு கல்லூரித் துறையே போதும். எங்கே தேடத் தொடங்குவது என்று அது சொல்லும். அதற்குப் பணம் ஒதுக்கினால் என்ன?

வாசகியின் மாமாவுக்கு வருகிறேன். சேவல் அசையாமல் ஓரிடத்தில் நின்று கூவியது. இரவு முழுக்க அவருக்குக் கிடைக்காத முதல் குச்சி அதுதான். ஒவ்வொரு கூவலுக்கும் அவர் தன் 'நேரை'த் திருத்திக்கொண்டார். அடுத்த முறை மேகத்தில் யாராவது திரும்பவில்லை என்றால், ஆட்கள் கிளம்பும்போதே எஸ்டேட் சங்கை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊதச் சொல்லுங்கள். விடியும்வரை.