இன்ஸ்டால் ஆனது ஒன்று, ஓடுவது வேறொன்று

“அண்ணா, பைசன் 3.8 போட்டாச்சு. ஆனா பில்டு இன்னும் திட்டுது.”

பைசன் என்பது இலக்கண விதிகளைக் கொடுத்தால், அதன்படி உரையைப் பிரித்துப் படிக்கும் நிரலை (பார்சர்) சி மொழியில் எழுதித் தரும் கருவி. டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி இதைச் சொன்னபோது, ஏற்கெனவே மூன்று முறை இன்ஸ்டால் செய்து, நீக்கி, மறுபடி செய்து பார்த்திருந்தார். நான்காவது முறைக்குக் கை போனது. தடுத்து, ‘டைப் -ஏ பைசன்’ என்று மட்டும் தட்டச் சொன்னேன்; அந்தப் பெயரில் ஷெல்லுக்கு (கட்டளைகளை இயக்கும் நிரல்) தெரிந்ததையெல்லாம் அது காட்டும். ஒரே வரிதான் வந்தது: /யூஎஸ்ஆர்/பின்/பைசன். அவர் பாடுபட்டு இறக்கிய புதியது ஷெல்லின் கண்ணிலேயே படவில்லை.

அவருடையது மேக்ஓஎஸ். அதன் டெவலப்பர் கருவிகளோடு வருவது பைசன் 2.3, 2006-இல் வெளியானது. மேக்கில் மென்பொருள் இறக்கித் தரும் ஹோம்ப்ரூ புதிய பைசனை இறக்கினாலும், சிஸ்டத்தில் இருப்பதை மறைக்கக்கூடாது என்று பாத்தில் (ஷெல் கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) இணைக்காமல் ஒதுக்கி வைக்கும். கெக்-ஒன்லி என்பார்கள். பாத்தில் சேர்க்க வேண்டிய வரியையும் அதுவே அச்சிட்டுத் தருகிறது; இறுதியில் பீர்க் கோப்பைப் படம் வந்தவுடன் வேலை முடிந்தது என்று எழுந்துபோகிறவர்கள் நாம்தான்! அந்த வரியை ஷெல் அமைப்புக் கோப்பில் சேர்த்து, புதிய டெர்மினல் திறந்ததும் இரண்டு வரிகள் வந்தன, புதியது மேலே.

இதில் என்னை உறுத்துவது, பிழைச்செய்தி காட்டும் திசை. இலக்கணக் கோப்பில் ‘%டிஃபைன் ஏபிஐ.ப்யூர் ஃபுல்’ என்று புது நடையில் எழுதியிருந்தால், பழைய 2.3 தன் வயதைச் சொல்லாது. ஸ்ட்ரிங் வர வேண்டிய இடத்தில் ஐடென்டிஃபையர் வந்துவிட்டது, சின்டாக்ஸ் பிழை என்று சொல்லும். தம்பியும் அரைநாள் இலக்கணத்தைத்தான் குடைந்துகொண்டிருந்தார். கோப்பின் தலையில் ‘%ரிக்வயர் "3.8"’ என்று ஒரு வரி இருந்திருந்தால், வெர்ஷன் போதாது என்று முதல் நொடியிலேயே நின்றிருக்கும். அந்த வரி இல்லாத இலக்கணக் கோப்பை நான் ரிவ்யூவில் விடுவதில்லை.

லினக்ஸில் சிக்கல் வேறு வடிவம். டெபியன், உபுண்டுவில் ‘ஆப்ட் இன்ஸ்டால் பைசன்’ போட்டால் நேராக வந்துவிடும். ஆனால் பைசனுக்கு முன்னோடியான பழைய கருவியின் ‘யாக்’ என்ற பெயருக்குப் பைசனும் உரிமை கொண்டாடும், பெர்க்லி யாக்கும் கொண்டாடும். எது ஓடுகிறது என்பதை ‘அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் --டிஸ்ப்ளே யாக்’ சொல்லும். பில்டு விதிகளை எழுதும் மேக்ஃபைலில் நீங்கள் விதி எழுதாவிட்டால், உள்ளே பொதிந்திருக்கும் விதி அழைப்பது யாக்கைத்தான். யாக் மாறிக்கு ‘பைசன் -ஒய்’ என்று நாமே எழுதிவிடுவது நல்லது.

வெர்ஷன் நகராமல் இருக்க ‘ஆப்ட்-மார்க் ஹோல்டு பைசன்’ போடலாம். எனக்கு அதில் பிரியமில்லை. போட்டவர் வேலை மாறிப் போனபின் அது ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பில்டு கன்டெய்னரில் (பில்டுக்கென்றே கட்டிவைக்கும் தனிச் சூழல்) வெர்ஷனைக் குறித்து வைத்தால் காரணமும் கூடவே இருக்கும். இன்னொரு கணினியிலிருந்து பைனரியை மட்டும் நகலெடுத்துவரும் குறுக்குவழியும் வேண்டாம். பைசனுக்குத் தன் ஸ்கெலிட்டன் கோப்புகளும் (பார்சருக்கான வார்ப்புகள்) எம்4-உம் (அவற்றை நிரப்பும் மேக்ரோ கருவி) பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

பைசன் போலவே பார்சர் உருவாக்கும் ஆன்ட்லர் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கருவியும் ரன்டைமும் (உருவான பார்சர் ஓடும்போது தேவைப்படும் நூலகம்) தனித்தனிப் பேக்கேஜ்கள். 4.10-இல் உள்வடிவமே மாறியதால், 4.9 உருவாக்கிய பார்சரை 4.10 ரன்டைம் படிக்காது. இரண்டையும் சேர்த்தே ஏற்றுங்கள்.

எந்தப் பைசன் ஓடியது என்று சந்தேகம் வந்தால் உருவான சி கோப்பின் முதல் வரியைப் பாருங்கள். எந்த வெர்ஷன் செய்தது என்று அங்கேயே கையொப்பம் இருக்கும். ஒரு சர்வரில் தேவையில்லை என்று நான் பைசனை நீக்கினேன். பழைய சி கோப்பு அங்கேயே கிடந்ததால் பில்டு மாதக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடியது. யாரோ இலக்கணத்தில் ஒரு அரைப்புள்ளியைத் திருத்திய அன்றுதான் எனக்கு போன் வந்தது.