என்ஜின் அண்டர் கவரைக் கழற்றிப் போட்டுவிடலாமா?

வண்டியை லிஃப்டில் ஏற்றியதும் என் கண் முதலில் போவது என்ஜினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கவரின் மேல்தான். நிறைய வண்டிகளில் அது இருப்பதே இல்லை. கேட்டால், "போன சர்வீஸில் உடைந்துவிட்டது, அது இல்லாமலும் ஓடும் என்று எடுத்துவிட்டார்கள்" என்பார்கள். ஓடும்தான், அதில் பொய் இல்லை. என்ன கெடும் என்பது அன்றைக்கே தெரியாது, அவ்வளவுதான்.

முதல் எதிரி தண்ணீர். என்ஜின் குறுக்காக அமைந்த முன்சக்கர இழுவைக் கார்களில் பெல்ட்டும் புல்லிகளும் முன்சக்கரத்தை ஒட்டியே இருக்கும். மழையில் சக்கரம் வாரி இறைக்கும் சேற்றுத் தண்ணீரை அண்டர் கவரும், சக்கரத்துக்கு மேல் வளைந்திருக்கும் பிளாஸ்டிக் உறையான வீல் ஆர்ச் லைனரும் சேர்ந்துதான் தடுக்கின்றன. கவர் இல்லையென்றால் பெல்ட் நனைந்து வழுக்கும், கீச்சென்று கத்தும். தண்ணீர் காய்ந்துவிடும், மண் போகாது. அது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங்கிலும், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரின் காற்றுத் துளைகளிலும் போய் உட்காரும். வயரிங் கனெக்டர்களுக்குள் ஈரம் புகுந்து பச்சை பூத்திருப்பதையும் இப்படிப்பட்ட வண்டிகளில் பார்க்கிறேன். ஒரு பிளாஸ்டிக் தகட்டை மிச்சம் பிடித்துவிட்டு, அப்புறம் ஆல்டர்நேட்டருக்குச் செலவு செய்வதைப் பார்க்க மனசு கேட்பதில்லை.

"கவரை எடுத்தால் என்ஜினுக்குக் காற்று கிடைக்கும், சூடாகாது" என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். கேட்கச் சரி மாதிரிதான் இருக்கும். ஆனால் ரேடியேட்டரின் முன்பக்கம் நுழையும் காற்று பின்பக்கமாக வெளியேறினால்தான் அடுத்த காற்று உள்ளே வரும். அதற்கு ரேடியேட்டருக்குப் பின்னால் அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். கவர் இல்லாத வண்டி வேகமாக ஓடும்போது அடியிலிருந்து காற்று என்ஜின் அறைக்குள் ஏறி அந்த அழுத்தத்தைக் கூட்டக்கூடும். அப்போது ரேடியேட்டர் வழியாக வரும் காற்று குறையும். எல்லா மாடலிலும் இது ஒரே அளவில் இருக்காது. ஆனாலும் வண்டி சூடாகிறது என்றால் கூலன்ட் அளவு, ஃபேன், தெர்மோஸ்டாட், அடைத்துப்போன ரேடியேட்டர் துடுப்புகள் என்று பாருங்கள். கவரின் மேல் பழி போடாதீர்கள்.

கவர் இல்லாவிட்டால் வண்டிக்கு அடியில் காற்றுத்தடையும் கூடும். அது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால் நெடுஞ்சாலையில் எரிபொருள் செலவு கொஞ்சம் கூடும், சத்தமும் கூடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சில கவர்களை நானே உடனே கழற்றச் சொல்வேன். முன் விளிம்பில் கிளிப் போன கவர் அப்படிப்பட்டது. வேகத்தில் காற்று அதற்குள் புகுந்து மடக்கி, கிழித்து, சக்கரத்தில் சிக்கவைக்கலாம். தளர்ந்து சைலன்ஸர் குழாயில் உரசும் கவர் உருகி நாறும். இவற்றைவிட எனக்குப் பயம் தருவது எண்ணெய் ஊறிய கவர். சத்தத்தைக் குறைக்க உள்பக்கம் ஃபெல்ட் (கம்பளி மாதிரியான துணி) ஒட்டிய கவர்கள் உண்டு. என்ஜின் ஆயில் கசிந்தால் அந்த ஃபெல்ட் உறிஞ்சிக்கொள்ளும். தரையில் ஒரு சொட்டுக்கூட விழாது, உங்களுக்கு எதுவும் தெரியாது. சூடான பாகங்களுக்கு அருகில் எண்ணெய் ஊறிய ஃபெல்ட் இருப்பது தீ ஆபத்து. கசிவைச் சரிசெய்யுங்கள், அந்தக் கவரை மாற்றுங்கள். துடைத்து மாட்டுவது போதாது.

பிளாஸ்டிக் கவர் எந்தக் கல்லையும் தாங்கும் என்ற தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். அது சிறு கற்களைத் தடுக்கும், ஆனால் பெரிய கல்லிலிருந்து ஆயில் சம்ப்பை, அதாவது என்ஜின் ஆயில் தங்கும் அடித்தொட்டியை, காப்பாற்றாது. கரடுமுரடான பாதையில்தான் ஓட்டம் என்றால், உங்கள் மாடலுக்கென்றே செய்த உலோகத் தகட்டைக் கேளுங்கள். காற்றுத் துளைகளும் பழைய ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டுக்கான திறப்பும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வழியில் கவர் தொங்கினால் பாதுகாப்பாக ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, சூடு ஆறவிடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள். வெளியிலிருந்து கை எட்டும் இடத்தில் கேபிள் டையால் இறுக்கிக் கட்டலாம், இல்லையென்றால் உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். கேபிள் டை ஒர்க்‌ஷாப் போய்ச் சேரும்வரைதான் தாங்கும். அங்கே சரியான கிளிப்பும் போல்ட்டும் போடச் சொல்லுங்கள். ஆயில் மாற்றிய பிறகு வண்டி லிஃப்டிலிருந்து இறங்கும் முன்பே, எல்லாக் கிளிப்பும் மாட்டியிருக்கிறதா என்று நேரில் காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.